ஏழாவது கட்டத்தில் என்ன எழுதுவது

ஆறு கட்டங்களைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்ட ஷாரோனுக்கு ஏழாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"மென்பொருள் எந்தக் கம்பைலரில், அதன் எந்தப் பதிப்பில் உருவாக்கப்பட்டது?" என்று கேட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: "விவரங்களின் உண்மைக்குச் சங்கத்தின் கணினி இயக்குநரே முழுப் பொறுப்பு."

அந்தப் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணினி இயக்குநர் என்று இருந்தது அவள் ஒருத்திதான். ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகும் சென்னை அலுவலகத்திலிருந்துதான் இந்தப் படிவமும் வந்திருந்தது. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

மேலாளர் வேணுகோபால் அதற்குள் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். அரசாங்க உறை எதைக் கண்டாலும் அவருக்குத் தாகம் எடுக்கும். கையில் தண்ணீர் பாட்டிலோடுதான் நின்றார்.

"கம்பைலர்னா இன்னாமா?"

"சார், டிசைனர் வரைபடத் தாள்ல பூ வரைஞ்சு கொடுக்கறாரு. தறிக்கு அது புரியாது இல்லையா. அட்டை அடிக்கறவரு அதைப் பார்த்து ஓட்டை ஓட்டையா அட்டை அடிச்சுக் கொடுத்தாதான் தறி நெய்யும். ப்ரோக்ராமுக்கு அந்த அட்டை அடிக்கற வேலையைச் செய்யறதுதான் கம்பைலர்."

"அப்போ நெய்து முடிச்ச புடவையைக் காட்டி, இதுக்கு அட்டை அடிச்ச மிஷின் எந்த வருஷத்து மாடல்னு கேக்கறாங்க."

"அதேதான் சார்."

"அது நெய்தவங்களுக்கே தெரியாதேமா."

"அதான் சார் முழிச்சுக்கினு இருக்கேன்."

சங்கத்தில் இருந்ததே ஒரு மென்பொருள்தான். நெசவாளர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு புடவைக்கும் எண், ரகம், எடை எல்லாம் வாங்கிக்கொண்டு லேபிள் அச்சடித்துத் தரும். அவ்வப்போது "ஈரப்பதம் எவ்வளவு?" என்றும் கேட்கும். ஏன் கேட்கிறது என்று யாருக்கும் தெரியாது. பூஜ்யம் என்று தட்டினால் அடங்கிவிடும். அதைத்தான் முன்பு இருந்த பெண் ஷாரோனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஷாரோன் மென்பொருளின் மேல் சொடுக்கி விவரம் பார்த்தாள். பதிப்பு 1.0 என்று இருந்தது.

"கிடைச்சுடுச்சே, ஒண்ணுன்னு எழுதிடு," என்றார் வேணுகோபால்.

"இது ப்ரோக்ராமோட பதிப்பு சார். கம்பைலரோடது இல்ல."

"ஒண்ணுன்னா கொஞ்சம் கம்மியாவும் இருக்குது. நாலுன்னு போட்டா கௌரவமா இருக்கும்."

"முழுப் பொறுப்புன்னு போட்டிருக்காங்க சார்."

அந்த வரியை அவர் மறுபடி படித்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

இணையத்தில் ஒருவர் வழி சொல்லியிருந்தார். மென்பொருள் கோப்பை நோட்பேடில் திறந்து கீழே வரை போனால், எங்காவது ஓரிடத்தில் கம்பைலரின் பெயர் படிக்கும்படியாக இருக்குமாம். ஷாரோன் திறந்தாள். திரை முழுக்கக் கட்டமும் வளைவும் கொம்பும் புள்ளியுமாக நிறைந்தது. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

வேணுகோபால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "தெலுங்கா?"

"இல்ல சார்."

"எதுக்கும் நூல்கடைக்காரரைக் கூப்பிடட்டுமா? அவரு நல்லா படிப்பாரு."

"சார், இது யாராலயும் படிக்க முடியாது."

"யாராலயும் படிக்க முடியாததை நம்மளை எதுக்குமா படிக்கச் சொல்றாங்க," என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த வருகைப் பதிவேட்டை இறக்கி வைக்க இடம் தேடி விசைப்பலகை மேல் வைத்தார். திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. ஷாரோன் பதறிப் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். நோட்பேடை மூடப் போனாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

"சேவ் பண்ணுமா. எதையும் சேவ் பண்ணாம மூடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ," என்றார் வேணுகோபால்.

மூன்று வருடப் பழக்கத்தில் விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

மென்பொருளைத் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டாள். அப்போதும் திறக்கவில்லை.

"இன்னா சொல்லுது?"

"ஓட மாட்டேன்னு சொல்லுது சார்."

"நாளைக்கு ஓடுமா?"

ஷாரோன் மறுபடி ஒருமுறை சொடுக்கிப் பார்த்தாள். வேணுகோபால் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளறையில் நூற்று நாற்பது புடவைகள் இன்னும் லேபிள் கட்டாமல் மடித்து அடுக்கியிருந்தன. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயம்புத்தூர் கண்காட்சிக்கு வண்டி. லேபிள் இல்லாத புடவையைக் கண்காட்சி அரங்கத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

புடவை விவரங்களையெல்லாம் தினமும் அவள் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தாள். மென்பொருளையும் நகல் எடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவுமில்லை. காலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இப்போது ஆறாவது கட்டத்தில் "மென்பொருள் தற்போது இயங்குகிறதா? ஆம்" என்று அவள் எழுதியிருந்ததும் பொய்யாகிவிட்டது.

மறுநாள் காலை பழைய கோப்புகளைப் புரட்டியதில் ஒரு ரசீது கிடைத்தது. பதினான்கு வருடத்துக்கு முந்தையது. ஆதிகேசவன் கம்ப்யூட்டர்ஸ். அதிலிருந்த எண்ணுக்கு ஷாரோன் நம்பிக்கையில்லாமல் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஆதி டிரைவிங் ஸ்கூல். டூ வீலரா, ஃபோர் வீலரா?"

திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் அவள் அவரைப் பிடித்தபோது பயிற்சிக் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் புவனேஸ்வரி. வீட்டில் மூன்று தறி வைத்திருக்கும் அந்த அம்மாள், புடவைகளை ஏற்றிப் போக ஒரு பழைய கார் வாங்கிவிட்டு இப்போதுதான் ஓட்டப் பழகுகிறார். சங்கத்து உறுப்பினர்தான்.

"பேசணும்னா பின்னாடி ஏறிக்கம்மா. கிளாஸை நிறுத்த முடியாது," என்றார் ஆதிகேசவன்.

ஷாரோன் ஏறிக்கொண்டாள். கார் குலுங்கிக் கிளம்பியது.

"சார், நீங்க எங்க சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த ப்ரோக்ராம்..."

கார் சடக்கென்று நின்றது.

"அது நான் இல்லமா. வேற ஆதிகேசவன்."

"திறந்ததும் உங்க போட்டோதானே சார் வருது."

அவர் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "மீசை வச்சிருந்தப்போ எடுத்தது." பிறகு புவனேஸ்வரியிடம், "கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா," என்றார்.

"அதை எந்தக் கம்பைலர்ல..."

மறுபடி நின்றது. புவனேஸ்வரியின் நெற்றி ஸ்டீயரிங்கைத் தொட்டுவிட்டு வந்தது.

"மாஸ்டர், நான் ஓட்டிக்கினு இருக்கேனா, நீங்க ஓட்டிக்கினு இருக்கீங்களா?"

"நீங்கதாம்மா. போங்க." ஆதிகேசவன் பின்னால் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கம்பைலரைப் பத்தி யாரு கேக்கறாங்க?"

"சென்னை ஆபீஸ்."

அவர் முகம் சாம்பல் பூத்தது. வண்டி ஒரு மாட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"உண்மையைச் சொல்லிடறேன். அந்த ப்ரோக்ராம் சங்கத்துக்குன்னு எழுதினதே இல்ல. ஒரு அரிசி மண்டிக்கு எழுதினது. மண்டிக்காரரு வேணாம்னுட்டாரு. மூட்டைன்னு இருந்த எடத்துலல்லாம் புடவைன்னு மாத்திக் கொடுத்துட்டேன்."

ஷாரோனுக்குப் பொறி தட்டியது. "ஈரப்பதம்?"

"அதை மாத்த விட்டுப்போச்சு."

"என் புடவைக்கு ஈரப்பதம் வேற பார்க்கறீங்களா?" என்றார் புவனேஸ்வரி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது கூடப் பரவாயில்லமா," என்றார் ஆதிகேசவன். "கம்பைலரை நான் காசு கொடுத்து வாங்கல. சினேகிதன் ஒருத்தன் சிடியில போட்டுக் கொடுத்தான். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எடுத்துத் தர்றேன்னு போர்டு வச்சிருக்கேன். என் கம்பைலருக்கு லைசென்ஸ் கிடையாது. அது பேரை நீ அந்தப் படிவத்துல எழுதினா என் கதி இன்னா ஆகும்? சங்கத்தோட கதி இன்னா ஆகும்?"

பதில் தெரியாமல் இருந்தால் வேலை போகும் என்றுதான் ஷாரோன் இதுவரை நினைத்திருந்தாள். தெரிந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் யோசித்தாள்.

"படிவம் கிடக்கட்டும் சார். நேத்து அந்த ப்ரோக்ராமே அழிஞ்சுபோச்சு. உங்ககிட்ட வேற காப்பி இருக்குதா?"

ஆதிகேசவன் யோசித்தார். "இருந்துதுமா. பழைய சிடி எல்லாத்தையும்..." என்று இழுத்தவர், காரைப் பள்ளிக்கே திருப்பச் சொன்னார்.

பயிற்சிப் பள்ளியின் மாடிக் கைப்பிடி ஓரத்தில், புறா வராமல் இருக்க, எட்டு சிடிகள் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றில் சுழன்று கண்ணைக் கூசவைத்தன. நடுவிலிருந்த சிடியில் ஒரு புறா உட்கார்ந்த அடையாளமும் இருந்தது. ஷாரோன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நாலாவதில், வெளிறிப்போன பேனா எழுத்தில் "மண்டி" என்று படிக்க முடிந்தது.

அதைத் துடைத்து, பள்ளி அலுவலகத்துப் பழைய கணினியில் போட்டார்கள். கணினி இருமியது. கரகரத்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கோப்புகளைக் கக்கிவிட்டது. ஷாரோன் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். ஆதிகேசவன் வரதராஜப் பெருமாள் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றியதும், மதியம் இரண்டு மணிக்குச் சங்கத்துக் கணினியில் மென்பொருள் திறந்தது. மீசை வைத்த ஆதிகேசவன் சிரித்தார். நூற்று நாற்பது புடவைகளின் விவரமும் அப்படியே வந்தது. ஷாரோன் அச்சு ஆணை கொடுத்தாள். லேபிள்கள் வரிசையாக வந்து விழுந்தன. வேணுகோபால் தானே உட்கார்ந்து ஒவ்வொரு புடவையிலும் நூலால் கட்டினார். இரண்டு நாளில் முதன்முறையாக அவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இல்லை.

நாலு மணிக்குப் புவனேஸ்வரி ஒரு புடவையை ஒப்படைக்க வந்தார். அடுக்கின் மேலே தான் போன வாரம் கொடுத்த புடவை இருப்பதைப் பார்த்து, ஆசையாக லேபிளைத் திருப்பினார்.

"சார், இதுல 'பொன்னி புழுங்கல்'னு போட்டிருக்குது. நான் கோர்வை பார்டர்தானே நெய்தேன்."

வேணுகோபால் கண்ணாடியைத் தேடினார். அது கண்ணிலேயே இருந்தது.

ஷாரோன் பாய்ந்து போய்ப் படித்தாள். மூட்டை எண் 212. ரகம் பொன்னி புழுங்கல். ஈரப்பதம் பூஜ்யம். அடுத்ததில் மூட்டை எண் 213, இட்லி அரிசி. கட்டியிருந்த தொண்ணூற்று மூன்று புடவைகளும் அரிசியாகியிருந்தன. சிடியில் இருந்தது, ஆதிகேசவன் மூட்டையைப் புடவையாகவும் அரிசி ரகங்களைப் பட்டு ரகங்களாகவும் மாற்றுவதற்கு முந்தைய பிரதி.

"அவிழ்க்கணுமா?" என்றார் வேணுகோபால்.

"அவிழ்க்கணும் சார்."

"கோயம்புத்தூர்ல யாரும் படிக்க மாட்டாங்கன்னு வச்சுக்கலாமா?"

புவனேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஷாரோன் ஆதிகேசவனுக்குப் போன் செய்தாள். வார்த்தைகளை மாற்றுவது சுலபம்தான் என்றார் அவர். மூலப் பிரதி அதே சிடியில் இருக்கிறது. மாற்றிவிட்டு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

"அதுக்கு?"

"அந்தக் கம்பைலரே வேணும்மா," என்றார் ஆதிகேசவன் ஈனமான குரலில்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவர் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். உள்ளே மண்டி சிடியும், கயிறு கூட அவிழ்க்காத மற்ற ஏழு சிடிகளும். பள்ளியின் பழைய சிடி டிரைவையும் கழற்றி எடுத்து வந்திருந்தார். கம்பைலரைத் தேடிப் போட்ட முதல் சிடியில் யாருடைய கல்யாணமோ இருந்தது. இரண்டாவது வெயிலில் வெந்து நெளிந்திருந்தது. மூன்றாவதும் நான்காவதும் சுழன்றன, எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவதைப் போட்டபோது மணி பத்து ஐம்பது. வாசலில் கோயம்புத்தூர் வண்டி வந்து நின்றுவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

"சீக்கிரம் குடிக்காதீங்க," என்று வேணுகோபால் அவர் பின்னால் சொன்னார்.

ஆறாவது சிடி ஏறியது. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து, தொண்ணூற்று ஒன்பது சதவீதத்தில் நின்றது. ஆதிகேசவனின் வலது கால் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்த ஒரு சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் கழித்து அது போனால் போகிறது என்பதுபோல் நகர்ந்தது.

திரை முழுக்க ஒரு நீலப் படம் விரிந்தது. பெரிய எழுத்தில் பெயர்: டெல்டா. பதிப்பு 6.2. அதற்குக் கீழே, கற்போர் பதிப்பு, அனைவருக்கும் இலவசம்.

ஆதிகேசவன் அந்தக் கடைசி வரியை விரலை வைத்துப் படித்தார்.

"இலவசமா?"

"அப்படித்தான் சார் போட்டிருக்குது."

"பதினாலு வருஷம் பயந்துக்கினு இருந்தேனேமா. கம்ப்யூட்டர் தொழிலையே இதுக்குத்தானே விட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அப்புறம் அழுவலாம். வண்டி நிக்குது," என்றார் வேணுகோபால்.

மூட்டை புடவையானது. பொன்னி கோர்வையானது. ஈரப்பதத்தையும் ஆதிகேசவன் மறக்காமல் எடுத்துவிட்டார். பன்னிரண்டே காலுக்கு லேபிள்கள் வர ஆரம்பித்தன. ஷாரோன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் கொடுக்க, வேணுகோபாலும் ஆதிகேசவனும் கட்டினார்கள். ஒன்றேகாலுக்கு வண்டி கிளம்பியது. டிரைவர் ஏழு டீ குடித்திருந்தார்.

ஷாரோன் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா ஏழாவது கட்டத்துக்கு மேலே போய் மறுபடி நின்றது.

"சார், பழைய ப்ரோக்ராமும் இதே ஆறு புள்ளி ரெண்டுலதான் கம்பைல் பண்ணீங்களா?"

"ஞாபகம் இல்லமா. அஞ்சும் வச்சிருந்தேன், ஆறும் வச்சிருந்தேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முழுப் பொறுப்பு என்ற வரி முன்னைவிடப் பெரிய எழுத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

"ஏம்மா, அந்தப் பழசுதான் இப்போ இல்லியே," என்றார் ஆதிகேசவன். "இப்ப ஓடிக்கினு இருக்கறது இன்னைக்குக் காலையில உன் கண்ணு முன்னாடி கம்பைல் பண்ணது. இது எதுல பண்ணதுன்னு உனக்கே தெரியும். வேணும்னா நானும் ஒரு கையெழுத்து போடறேன்."

அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஷாரோன் இரண்டு நிமிடம் தேடினாள். அகப்படவில்லை. "டெல்டா 6.2, கற்போர் பதிப்பு" என்று அச்சு மாதிரி எழுதினாள். ஆதிகேசவன் கையெழுத்து போட்டார். வேணுகோபால் சங்கத்து முத்திரையை இரண்டு முறை குத்தினார். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பியதில், நாலு ஐம்பத்து இரண்டுக்குப் படிவம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் பதின்மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. ஷாரோன் தினமும் தன் ஊர் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு புள்ளி இரண்டா, ஆறு புள்ளி மூன்றா என்று சாப்பாட்டுக்கு நடுவில் சந்தேகம் வரும். ஓடிப்போய் நீலப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள்.

பதினான்காம் நாள் சங்கத்துத் தொலைபேசி அடித்தது. சென்னை அலுவலகத்திலிருந்து மஹாலட்சுமி என்ற எழுத்தர். கணினி இயக்குநரிடம் பேச வேண்டும் என்றார். வேணுகோபால் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"ஷாரோன்ங்கறது நீங்களாம்மா? ஏழாவது கட்டத்தை நிரப்பினது நீங்கதானே?"

"ஆமா மேடம்." அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். "தப்பா ஏதாவது..."

"தப்பெல்லாம் இல்லமா. நூத்திப் பதினெட்டு சங்கத்துல அந்தக் கட்டத்துக்கு ஒழுங்கா பதில் எழுதினது நீங்க ஒருத்தர்தான். எங்க ஆபீசரு மீட்டிங்ல உங்க பேரைச் சொல்லிப் பாராட்டினாரு. உங்க ஒப்பந்தத்தையும் நீட்டிட்டாங்க."

பதினாறு நாளாக ஷாரோனின் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. வேணுகோபால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியின் பக்கம் குனிந்து, "எல்லாம் நம்ம பொண்ணோட முயற்சிதாங்க மேடம்," என்றார்.

"அதைச் சொல்லத்தான் சார் கூப்பிட்டேன்," என்றார் மஹாலட்சுமி. "தெரியாதுன்னு எழுதின நூத்திப் பதினேழு சங்கத்துக்கும் புது கம்ப்யூட்டர், புது பிரிண்டர், புது சாஃப்ட்வேர் எல்லாம் திங்கக்கிழமை வந்து எறங்குது, உங்களுது எதுல பண்ணதுன்னு தெளிவா தெரிஞ்சுட்டதால இன்னும் பத்து வருஷத்துக்கு அதையே ஓட்டிக்கச் சொல்லிட்டாங்க."